ஒரே பிசின் கட்டியில் இரண்டு சாட்சியங்கள்

மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்திய நிலம், ஆசியாவோடு வந்து சேரும்வரை கடல் நடுவே யாரும் எட்டாத தீவாகக் கிடந்ததா? அப்படிக் கிடந்திருந்தால் அதற்கே உரிய உயிர்கள் எங்கே போயின? ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வெவ்வேறு வடிவில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. தரைப்பாலம் என்றார்கள், மலைத்தொடர் வழி என்றார்கள், மிதக்கும் கண்டம் என்றார்கள். ஒவ்வொரு விடையும் ஒரு தலைமுறைக்காவது நின்றது. பிறகு எங்கோ ஓரிடத்தில் தளர்ந்தது. 2010 முதல் இந்த வழக்கில் ஒரு புதிய சாட்சி சேர்ந்திருக்கிறது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் ஆம்பர் என்ற தொல் மரப்பிசினும், அதனுள் உறைந்திருக்கும் பூச்சிகளும்தான் அந்தச் சாட்சி.

காலக்கணக்கை முதலில் சொல்லிவிடலாம். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். சேஷெல்ஸ் தீவுகள் இந்தியாவை விட்டு விலகியது ஏறக்குறைய 6 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆசியாவின் தென் விளிம்பை இந்தியா தொட்டது 6 கோடிக்கும் 5 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் என்பது பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. ஆக, நடுவில் 3 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. தனிமை நீண்டால் என்ன நடக்கும் என்பதற்கு மடகாஸ்கரின் லெமூர்களும் ஆஸ்திரேலியாவின் கங்காருகளும் கண்ணெதிரே நிற்கும் உதாரணங்கள். இந்தியாவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், உடனே விரல் நீட்டிக் காட்டக்கூடியவை மிகச் சிலவே.

தேவாங்கு எழுப்பிய கேள்வி

இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு பூச்சியல்ல, தேவாங்கு. பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் 1864-இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதியபோது, லெமூர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்க, அவற்றின் உறவினங்களில் சில ஆப்பிரிக்காவிலும், தேவாங்கு போன்ற சில இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை எப்படி விளக்குவது என்று யோசித்தார். இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பு இவற்றை இணைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, பழைய கடல்கோள் செய்திகளோடு சேர்ந்து குமரிக்கண்டமான வரலாறு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதன் பிறப்பிடம் விலங்கியல் என்பதையும், ஓர் உயிரினப் பரவல் புதிருக்குச் சொல்லப்பட்ட விடை என்பதையும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அந்த விடைக்குத் தொடக்கத்தில் இடம் கொடுத்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1880-இல் தீவு உயிர்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அதைத் தள்ளிவிட்டார். அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. லெமூரை ஒத்த விலங்குகளின் புதைபடிவங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைக்கின்றன. ஆகவே அவை ஒருகாலத்தில் பரந்து வாழ்ந்து, பின்னர் சில மூலைகளில் மட்டும் எஞ்சியிருக்கலாம். அதற்காகக் கடலுக்கடியில் ஒரு கண்டத்தைப் புதைக்கத் தேவையில்லை. இன்றைய பரவலை மட்டும் பார்த்து நேற்றைய பயணத்தைச் சொல்ல முடியாது என்ற இந்த எச்சரிக்கை, ஆம்பர் ஆய்வுகளில் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது.

1940-களில் இந்திய மண்ணிலிருந்தே இன்னொரு விடை வந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா, மலையருவிகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சிறு மீன்களை ஆராய்ந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சில மீன்களுக்கு நெருங்கிய உறவு மலாயாவில் இருக்கிறது. நடுவே கிடக்கும் இந்தியச் சமவெளியில் அவற்றைக் காணோம். சாத்பூரா மலைத்தொடர் ஒருகாலத்தில் உயரமாகவும் ஈரமாகவும் இருந்து இவற்றுக்கு வழிவிட்டது என்றார் ஹோரா. அழகான கருதுகோள். ஆனால் சாத்பூராவில் அத்தனை உயரமும் வற்றாத அருவிகளும் தொடர்ச்சியாக இருந்தன என்பதற்குப் புவியியல் ஆதாரம் போதவில்லை. ராஜ்மகால் குன்றுகளுக்கும் காரோ குன்றுகளுக்கும் இடையே உள்ள பள்ளமும் விளக்கப்படாமலே நின்றது. உயிர்கள் நடந்தும் நீந்தியும் வந்தன, நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது என்ற அடிப்படையில் எழுந்த கடைசிப் பெரிய விளக்கங்களில் இதுவும் ஒன்று.

கண்டங்கள் நகர்ந்தபோது

ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் முன்வைத்த கண்ட நகர்வுக் கொள்கை 1960-களில் புவித்தட்டு இயலாக வலுப்பெற்றதும், கேள்வியே தலைகீழானது. அதுவரை உயிர்கள் எப்படிக் கடலைத் தாண்டின என்று கேட்டார்கள். இனி, தாண்டவே தேவையில்லை. நிலம் பிளந்தபோது மேலிருந்த உயிர்களும் பிரிந்தன என்று சொல்ல முடிந்தது.

இந்தப் பிரிவுக் கொள்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டைத் தந்தது ஒரு பூச்சிதான். ஸ்வீடனின் லார்ஸ் புருண்டின், குளிர்ந்த ஓடைகளில் வளரும் கடிக்காத சிறு ஈக்களைத் தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா எங்கும் தேடித் திரட்டி 1966-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். இந்த ஈக்களின் உறவுமுறை வரிசை, தென் கண்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த வரிசையோடு பொருந்தியது. கிளை பிரிந்த ஒழுங்கே காலக்கணக்காக இருக்கும், புதைபடிவம் கட்டாயமில்லை என்ற நம்பிக்கை அதன் பிறகு ஒரு தலைமுறை ஆய்வாளர்களைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதே புருண்டின் 1976-இல், லெபனான் ஆம்பரில் சிக்கிய ஒரு ஈயை ஆராய்ந்து, தெற்கத்திய கூட்டம் என்று கருதப்பட்ட கிளையோடு அதைச் சேர்த்தார். தெற்கின் சொத்து வடக்கிலும் இருந்தது. தன் கொள்கைக்குள்ளேயே அவர் அதை விளக்க முயன்றார் என்றாலும், ஆம்பர் இந்த விவாதத்தில் எப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி.

இந்தியாவைப் பொறுத்தவரை பிரிவுக் கொள்கை ஒரு கவர்ச்சியான படத்தைத் தந்தது. தென் கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் உயிர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே மிதந்த ஒரு மரக்கலம். ஆசியாவைத் தொட்டதும் அவை இறங்கிப் பரவின. ‘இந்தியாவிலிருந்து வெளியே’ என்று சொல்லப்படும் இந்தக் கருத்துக்கு மரபணு ஆய்வுகள் துணைநின்றன. 2001-இல் ஃபிராங்கி பொசுயிட், மிஷெல் மிலின்கோவிச் இருவரும் சில தவளைக் கூட்டங்கள் இந்தியாவில் தோன்றி ஆசியாவுக்குப் பரவியதாக வாதிட்டார்கள். 2003-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதாத் தவளைக்கு நெருங்கிய உறவு சேஷெல்ஸில் மட்டுமே இருப்பது தெரியவந்தபோது, மரக்கலத்தின் பயணி ஒருவர் நேரில் வந்து நின்றதுபோல் இருந்தது.

ஆனால் தவளை ஒன்று பேசும்போது எலும்பு வேறொன்று பேசியது. அசோக் சாஹ்னியும் ஜி.வி.ஆர். பிரசாத்தும் 1988-இல், இன்றைய தெலங்கானாவின் நாஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளின் இடையே படிந்த மண்ணிலிருந்து ஒரு சிறு பாலூட்டியின் பற்களை வெளியிட்டார்கள். டெக்கனோலெஸ்டிஸ் என்று பெயரிடப்பட்ட அது, தென் கண்டங்களின் விலங்குகளைவிட வட கண்டங்களின் விலங்குகளோடு உறவு காட்டியது. காலம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளை ஒட்டியது. இந்தியா இன்னும் நடுக்கடலில் இருந்திருக்க வேண்டிய நேரம். தனித்த தீவு என்ற படத்தில் அப்போதே ஒரு விரிசல் விழுந்துவிட்டது.

வஸ்தான் சுரங்கத்துக் குங்கிலியம்

சூரத் மாவட்டத்தின் வஸ்தான், தட்கேஷ்வர் சுரங்கங்களில் வெட்டப்படுவது நெய்வேலியில் நாம் பார்க்கும் அதே வகைப் பழுப்பு நிலக்கரி. அந்த அடுக்குகளில் கடுகளவு முதல் கைப்பிடி அளவுவரை பிசின் கட்டிகள் கிடக்கின்றன. பொறுக்காமல் விட்டவை நிலக்கரியோடு சேர்ந்து கொதிகலனுக்குப் போகும். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஹுகம் சிங், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்து யெஸ் ருஸ்ட், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் கிரிமால்டி முதலியோர் அடங்கிய குழு இங்கே சுமார் 150 கிலோ ஆம்பரைத் திரட்டி, 2010-இல் முதல் பெரிய அறிக்கையை வெளியிட்டது. 700-க்கும் மேற்பட்ட கணுக்காலிகள், 14 வரிசைகள், 55 குடும்பங்கள், ஏறத்தாழ 100 சிற்றினங்கள். காலம் 5 கோடி முதல் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் என்று முதலில் மதிப்பிடப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதை 5 கோடியே 40 லட்சத்துக்குப் பின்னே தள்ளின. அருகிலுள்ள வளைகுடாவின் பெயரால் இதைக் காம்பே ஆம்பர் என்கிறார்கள்.

இதன் தனிச்சிறப்பு பிசினின் இயல்பிலேயே இருக்கிறது. பால்டிக் கடலோரத்து ஆம்பர் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகி, கரைப்பான்களில் முழுதாகக் கரையாத நிலைக்கு வந்துவிட்டது. காம்பே ஆம்பர் அப்படி இறுகவில்லை. டொலுயீன், குளோரோஃபார்ம் போன்றவற்றில் அது கரைந்துவிடும். ஒரு கட்டியைக் கரைத்து, உள்ளே கிடக்கும் பூச்சியைப் பொறுமையாக வெளியே எடுக்க முடிகிறது: மயிரிழை போன்ற உணர்கொம்பும், இறக்கை நரம்புகளும், காலின் முட்களும் ஒட்டியபடி, முழு உடலாக. பிற ஆம்பர்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மட்டுமே பார்க்கக் கிடைப்பவை இங்கே ஊசிமுனையில் திருப்பிப் பார்க்கக் கிடைக்கின்றன. சிற்றினம் பிரிப்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

பிசினின் வேதியியலும் ஒரு செய்தி சொல்கிறது. அது டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களின் பிசின். சாலமும், வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் இந்தக் குடும்பம்தான். (நாட்டுமருந்துக் கடையில் கருங்குங்கிலியம் என்று கிடைப்பது வேறு குடும்பத்து மரத்துப் பிசின்.) ஆக, கோயிலிலும் வீட்டிலும் நாம் புகைக்கும் குங்கிலியத்தின் 5 கோடி ஆண்டு பழைய மூதாதை இந்த ஆம்பர். அதுவரை ஆசியாவின் டிப்டெரோகார்ப் காடுகள் இவ்வளவு பழமையானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

உள்ளே இருந்த பூச்சிகள்தான் எதிர்பார்ப்பைப் புரட்டின. 3 கோடி ஆண்டு தனிமையில் வளர்ந்த தீவாக இருந்தால், வேறெங்கும் காணாத பேரினங்களும் குடும்பங்களும் நிறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பல கூட்டங்களுக்கு ஐரோப்பாவிலும், ஆசியாவின் பிற பகுதிகளிலும், அமெரிக்க வெப்பமண்டலத்திலும்கூட உறவு தென்பட்டது. பால்டிக் ஆம்பரில் அறியப்பட்டு இன்று அற்றுப்போன ஒரு தேனீக் கூட்டம் இங்கே இருந்தது. 2017-இல் ஃபிராவ்கே ஸ்டெப்னர் தலைமையில் வந்த ஆய்வு, கடிக்கும் சிறு ஈக்களை மட்டும் எடுத்துக்கொண்டு 5 புதிய சிற்றினங்களை விவரித்தது. அவற்றில் ஒன்று, பால்டிக் ஆம்பரிலிருந்து நன்கு அறியப்பட்ட இயோஹீலியா என்ற அழிந்த பேரினத்தைச் சேர்ந்தது. அந்தக் கட்டுரை தன் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டது: அக்கால இந்தியாவின் உயிர்கள் தனித்திருக்கவில்லை.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையமான சிக்கல் இருக்கிறது. பிசினைத் தந்த மரத்தின் கதை வேறு திசையில் போகிறது. 2022-இல் சயின்ஸ் இதழில் மகரந்தப் படிவங்களையும் வேதியியலையும் மரபணுக் கணக்கையும் சேர்த்து வந்த ஆய்வு, டிப்டெரோகார்ப்கள் ஆப்பிரிக்காவில் தோன்றி, கிரீட்டேசியக் காலத்தின் முடிவுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, இந்தியா ஆசியாவைத் தொட்டபின் கிழக்கே பரவின என்கிறது. ஆக ஒரே கட்டியில் இரண்டு சாட்சியங்கள். பிசின் ‘நான் இங்கிருந்து அங்கே போனவன்’ என்கிறது. அதில் சிக்கிய ஈ ‘நான் அங்கிருந்தும் வந்திருக்கலாம்’ என்கிறது. இந்த இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளாத எந்த விளக்கமும் நிற்காது என்பதே என் மதிப்பீடு.

மூன்று விளக்கங்கள்

காம்பே பூச்சிகள் எப்படி வடக்கத்திய முகம் பெற்றன என்பதற்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் உண்டு.

முதலாவது எளிமையானது. 5 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஏற்கெனவே ஆசியாவைத் தொட்டுவிட்டது. பூச்சிகள் நிலவழியாகவே வந்தன. மோதலின் தொடக்கத்தை 5 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு அருகே வைக்கும் புவியியலாளர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். வஸ்தானிலேயே கிடைத்த பாலூட்டிகளில் வௌவால்கள் ஐரோப்பிய வகைகளோடு நெருங்கியிருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் அப்படியானால் காம்பே ஆம்பர், தனிமை முடிந்த பிறகான காலத்தைத்தான் பதிவு செய்திருக்கிறது. அதற்கு முந்தைய 3 கோடி ஆண்டுகளைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. 2010-இன் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தார்கள். நீண்ட தனிமை இருந்திருந்தால், தொட்ட சில லட்சம் ஆண்டுகளிலேயே அதன் தடம் முழுதாக மறைந்துவிடாது. உள்ளூர்க் கூட்டங்கள் கணிசமாக எஞ்சியிருக்கும் என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் தீவு உயிர்கள் வந்தேறிகளிடம் எவ்வளவு வேகமாகத் தோற்கும் என்பதற்கு நிலையான அளவுகோல் கிடையாது.

இரண்டாவது, தீவுச் சங்கிலி. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் இருந்த டெதிஸ் கடலில், இன்று கோஹிஸ்தான், லடாக் மலைகளாக நிற்கும் எரிமலைத் தீவுகள் வரிசையாக இருந்தன. ஆற்றைக் கடக்கப் போட்ட கற்கள் போல இவை பயன்பட்டிருக்கலாம். டெக்கனோலெஸ்டிஸ் போன்ற மோதலுக்கு முந்தைய வடக்கத்திய விலங்குகளுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரங்களுக்கும் இது ஒருசேர வழிவிடுகிறது. அதுவே இதன் பலம். பலவீனமும் அதுவே. எதை வேண்டுமானாலும், எந்தத் திசையில் வேண்டுமானாலும் கடக்க விடும் ஒரு சங்கிலியை எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க முடியாது. அந்தத் தீவுகள் எப்போது நீருக்கு மேலே இருந்தன, இடைவெளி எத்தனை என்பது தெளிவாகாதவரை இது விளக்கத்துக்கான இடம்தான், விளக்கம் ஆகாது.

மூன்றாவது விளக்கம் நிலத்தைவிடக் காலநிலையைப் பார்க்கிறது. காம்பே ஆம்பர் உருவான இயோசீன் காலத்தின் தொடக்கம் மிக வெப்பமானது. வெப்பமண்டலத்தை ஒத்த காடுகள் ஐரோப்பாவரை விரிந்திருந்தன. அப்படிப்பட்ட உலகில் பல பூச்சிப் பேரினங்கள் உலகளாவியவையாக இருந்திருக்கும். அவை காம்பேயிலும் பால்டிக்கிலும் சீனாவின் ஃபூஷுன் ஆம்பரிலும் தென்படுவதில் வியப்பில்லை. அப்படியானால் இவை இந்தியாவுக்கு வந்தனவா, இந்தியாவிலிருந்து போயினவா என்ற கேள்வியே இந்தப் பேரினங்களைக் கொண்டு தீராது.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014-இல் கென்னத் ரோஸ் குழுவினர், வஸ்தானின் காம்பேதீரியம் என்ற விலங்கைக் குதிரை, காண்டாமிருக வரிசையின் தொடக்கத்துக்கு அருகே வைத்து, அந்த வரிசையே இந்தியாவில் பிறந்திருக்கலாம் என்றார்கள். அதே சுரங்கம், ஏறத்தாழ அதே காலம், பூச்சிகள் சொல்வதற்கு எதிர்த்திசை. பறக்கும், காற்றில் மிதக்கும் சிறு உயிர்களும் நாலு கால் விலங்குகளும் ஒரே விதியில் பயணம் செய்யும் என்று எதிர்பார்ப்பதே தவறாக இருக்கலாம்.

எஞ்சியவர்களின் பொய்முகம்

வாலஸின் எச்சரிக்கைக்குத் திரும்புவோம். பெலிக்கன் சிலந்தி என்று அழைக்கப்படும், கழுத்து நீண்ட ஒரு விநோதச் சிலந்திக் குடும்பம் 1854-இல் பால்டிக் ஆம்பரிலிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டது. அழிந்துபோன உயிர் என்றே எண்ணியிருந்தார்கள். 1881-இல் மடகாஸ்கரில் உயிரோடு கிடைத்தது. இன்று அது மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் மட்டும் வாழ்கிறது. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் இதைக் கோண்டுவானாவின் பிள்ளை என்று தயங்காமல் எழுதியிருப்பார்.

2002-இல் இதே கதை வேறு பாத்திரத்தோடு நடந்தது. பால்டிக் ஆம்பரில் எந்த வரிசையிலும் அடங்காத ஒரு பூச்சி. அதன் உயிருள்ள உறவுகள் நமீபியாவில் கிடைத்தன. 1914-க்குப் பிறகு பூச்சிகளில் சேர்ந்த முதல் புதிய வரிசை அது. வட ஆஸ்திரேலியாவில் ஒரே சிற்றினமாக எஞ்சியிருக்கும் ஒரு பழங்கரையானின் பேரினம் டொமினிகன், மெக்சிகோ ஆம்பர்களில் கிடக்கிறது. நம் மாமரத்து இலைகளைப் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பின் பேரினமும் பால்டிக் ஆம்பரில் உண்டு. இன்று ஐரோப்பாவில் அதன் சுவடே இல்லை.

ரஷ்ய ஆய்வாளர் கிரில் எஸ்கோவ் இத்தகைய சான்றுகளைக் கொண்டு, தெற்கத்திய பரவல்களில் பல, உலகெங்கும் இருந்து வடக்கில் துடைத்தெறியப்பட்டவற்றின் மிச்சம் என்று வாதிட்டார். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. புருண்டினின் ஈக்களில் பெரும்பகுதிக்குக் கண்டப் பிரிவே இன்றும் நல்ல விளக்கம். ஆனால் எது மிச்சம், எது பிறந்த வீட்டுப் பிள்ளை என்பதை உயிரோடு இருப்பவற்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பதை எஸ்கோவின் வாதம் நிலைநாட்டிவிட்டது.

காலடி நிலம் நகர்ந்த கதை

காம்பேயை விடப் பழைய சாட்சி ஒன்று பக்கத்திலேயே உண்டு. மியான்மரின் கச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்கு ஆம்பர் சுமார் 9 கோடியே 90 லட்சம் ஆண்டுகள் பழமையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.டி.ஏ. காக்கரல் அதன் பூச்சிகளை விவரித்தபோதே, அவை தோற்றத்தில் மிகப் பழையவை என்று ஐயப்பட்டார். அந்த ஐயம் சரியென்று தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்த ஆம்பரில் கால்களோடு ஊரும் வெல்வெட் புழு ஒன்றும் சிக்கியிருக்கிறது. பூச்சியல்ல என்றாலும், இந்த விவாதத்துக்கு அதைப்போல உதவும் உயிர் குறைவு. அதன் உறவான ஒரு புழு இன்று அருணாச்சலத்தின் சியாங் பள்ளத்தாக்கில் வாழ்கிறது. 1913-இல் ஸ்டான்லி கெம்ப் விவரித்தது. தென் கண்டங்களுக்கு உரியது எனப்படும் இந்தக் கூட்டம் இந்தியா என்ற மரக்கலத்தில் ஏறி ஆசியாவுக்கு வந்ததா? 2016-இல் வந்த ஓர் ஆய்வு, இல்லை என்றது. இந்தியா வருவதற்கு 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மியான்மரில் இவை இருந்தன. மியான்மர் அப்போது ஆசியா. ஆகவே இவை ஐரோப்பா வழியாக வந்திருக்க வேண்டும் என்பது வாதம்.

மூன்றே ஆண்டுகளில் அந்த வாதத்தின் தரை ஆட்டம் கண்டது. 2019-இல் பாறைகளின் காந்தப் பதிவை ஆராய்ந்த யான் வெஸ்டர்வீல் குழுவினர், அக்காலத்தில் மியான்மர் நிலத்துண்டு நிலநடுக்கோட்டுக்கு அருகே, டெதிஸ் கடலின் ஒரு தீவுச் சங்கிலியின் பகுதியாக இருந்து, பின்னர் இந்தியாவோடு சேர்ந்தே வடக்கே நகர்ந்தது என்றார்கள். அப்படியானால் ஹுகாங்கின் புழுவை ஆசியப் புழு என்று சொல்லவே முடியாது. புழுவின் உறவுமுறையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது நின்ற நிலம் மட்டும் மாறியது. உயிரினப் பரவல் முடிவுகள் புவியியலின் மேல் எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆம்பரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. கச்சினில் சுரங்கங்களைச் சுற்றி ஆயுத மோதல் நடக்கிறது. 2017-க்குப் பின் வெளிவந்த மாதிரிகளை ஆய்வில் பயன்படுத்துவதை நிறுத்தி வைக்க முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2020-இல் இதழ்களைக் கேட்டுக்கொண்டது. ஓர் ஈயின் இறக்கை நரம்புக்காக மனித உயிர்கள் விலையாவதை எந்த அறிவியலும் நியாயப்படுத்த முடியாது.

ஆம்பர் சொல்லாதவை

ஆம்பர் ஒரு காட்டின் முழுக் கணக்கெடுப்பல்ல. மரத்தண்டில் ஊர்பவை, அதைச் சுற்றிப் பறக்கும் சிறிய ஈக்கள், எறும்புகள், குளவிகள் எளிதில் சிக்கும். பலமுள்ள பெரிய பூச்சிகள் உதறிக்கொண்டு போய்விடும். எளிதில் சிக்கும் சிறு ஈக்கள்தான் காற்றில் நெடுந்தூரம் போகக்கூடியவையும். ஆக, கடலைத் தாண்ட வல்ல உயிர்களையே ஆம்பர் அதிகமாகக் காட்டுகிறது என்றால், தனிமை இல்லை என்ற முடிவு ஓரளவு சாட்சியின் குணத்தாலேயே வந்திருக்கலாம். ஓர் உயிர் ஆம்பரில் இருப்பது உறுதியான செய்தி. இல்லாதிருப்பது மிகப் பலவீனமான செய்தி.

காலக்கணிப்பும் வழுக்கும் இடம். 2010-இல் எத்தியோப்பிய ஆம்பர் ஒன்று 9 கோடியே 50 லட்சம் ஆண்டு பழமையானது, ஆப்பிரிக்கக் கிரீட்டேசியக் காட்டின் சாளரம் என்று வரவேற்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதை 2 கோடி ஆண்டுகளை ஒட்டிய மயோசீனுக்கு இழுத்து வந்தன. அதை நம்பி எழுதப்பட்ட பரவல் வாதங்கள் அனைத்தும் மறுபடி பார்க்கப்பட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தெற்கின் மௌனம். நன்கு ஆராயப்பட்ட பூச்சி ஆம்பர்களில் மிகப் பெரும்பாலானவை வட அரைக்கோளத்தவை. தெற்கில் ஒரு பேரினம் இல்லை என்று நாம் சொல்லும்போது, தெற்கில் தேடவில்லை என்பதைத்தான் பல சமயம் சொல்கிறோம். இது மெல்ல மாறுகிறது. 2025-இல் ஈக்வடாரின் ஒரு குவாரியிலிருந்து 11 கோடியே 20 லட்சம் ஆண்டு பழமையான ஆம்பரும் அதில் பூச்சிகளும் அறிவிக்கப்பட்டன. கோண்டுவானா இன்னும் முழுதாகச் சிதறாத காலத்துக் காடு அது.

திறந்திருப்பவை

இன்றுள்ள சான்றுகளை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இது. இயோசீனின் தொடக்கத்தில் இந்தியா பூச்சிகளைப் பொறுத்தவரை மூடிய தீவாக இல்லை. ஊதாத் தவளை போன்ற பழைய பயணிகள் இருப்பதால், தனிமை என்பதே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சில கூட்டங்களுக்கு வேலியாகவும், வேறு சிலவற்றுக்குச் சல்லடையாகவும் அந்தக் கடல் இருந்திருக்கக்கூடும். மோதல் இரண்டு கட்டமாக நடந்தது என்று 2012 முதல் டவ் வான் ஹின்ஸ்பெர்கன் போன்றோர் சொல்லிவரும் கருத்து வலுத்தால், 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவைத் தொட்டது இந்தியாவா, அதிலிருந்து முன்னே பிய்ந்து போன ஒரு துண்டா என்ற கேள்வியும் சேரும். காம்பே பூச்சிகளின் வழி மறுபடி மாறும்.

திசையைப் பற்றிய கேள்வி இன்னும் தீரவில்லை. அதற்குத் தேவை, 9 கோடிக்கும் 6 கோடிக்கும் இடைப்பட்ட காலத்து இந்தியப் பிசின். பூச்சிகள் நிறைந்த அத்தகைய ஆம்பர் இந்திய நிலத்தில் இன்னும் கிடைக்கவில்லை. மடகாஸ்கரின் பெயரால் சந்தையில் விற்கும் பிசின் கட்டிகளோ மிக அண்மைக் காலத்தவை, இன்னும் ஆம்பராக இறுகாத ‘கோபால்’ (copal) பிசின். அவை இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாதவை. டிப்டெரோகார்ப் மரங்கள் கிரீட்டேசியத்தின் முடிவிலேயே இந்தியாவில் இருந்தன என்ற 2022-இன் முடிவு சரியானால், அந்த மரங்களும் காயம்பட்டுப் பிசின் வடித்திருக்க வேண்டும். நாஸ்கலின் பற்களைக் காப்பாற்றித் தந்த தக்காணத்து எரிமலை அடுக்குகளின் இடைமண் அந்தப் பிசினையும் எங்காவது வைத்திருக்கிறதா என்பது, சல்லடையோடு உட்கார்ந்து தேடுபவர்களுக்காகக் காத்திருக்கும் கேள்வி.